துருவேறிய துளைப்பொறி

நுழையும் முன்

பழுதான பொருளை எடைக்குப் போடுவதா, செப்பனிடுவதா என்னும் கேள்வி எல்லா வீடுகளிலும் என்றேனும் ஒருநாள் எழும். ஜாம்ஷெட்பூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஒரு பழைய இயந்திரத்தைப் பற்றி அக்கேள்வி எழுந்தது. துருவை நீக்கும் முறைகளையும், இயந்திரத்தைப் பாதுகாப்பாக மீண்டும் இயக்கும் வழிகளையும் அக்குடும்பத்துச் சிறுவன் தன் பட்டறிவாகக் கூறுவதை இப்பாடத்தில் படிப்போம்.

பாடம்

ஜாம்ஷெட்பூரை ஒட்டி ஓடும் ஆறுகளுள் கர்காயும் ஒன்று. அதன் மறுகரையில் உள்ள ஆதித்தியபூரில் சிறு பட்டறைகள் நிறைந்துள்ளன. அங்கே என் தாத்தா நெடுங்காலம் ஒரு லேத் பட்டறை நடத்தினார். கண்பார்வை மங்கிய பிறகு அதைப் பூட்டிவிட்டார். ஐந்து மழைக்காலங்கள் கழிந்தன. இடத்தை உரியவரிடம் திருப்பித் தரவேண்டிய நாள் நெருங்கியபோது, ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அப்பாவும் நானும் தாத்தாவுடன் சென்று கதவைத் திறந்தோம்.

லேத்தையும் மற்ற இயந்திரங்களையும் தாத்தா முன்பே விற்றிருந்தார். எஞ்சியிருந்தது ஒரு துளைப்பொறி மட்டுமே. பட்டறைக்காரர்கள் அதை ‘டிரில்லிங் மெஷின்’ என்பர். கூரைத் தகட்டில் இருந்த ஓட்டை சரியாக அதன் தலைக்கு மேலே இருந்தது. தூண் செம்மண் பூசியதுபோல் இருந்தது. மேசையின் மேல் துரு செதில் செதிலாக எழுந்து நின்றது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன், அது அசையவில்லை.

அப்பா பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். அவர் பொறியைச் சுற்றி வந்தார். மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். செம்புக் கம்பிக்குத் தனி விலை, வார்ப்பிரும்புக்குத் தனி விலை என்றார். தாத்தா ஒன்றும் பேசாமல் தூணின் பின்புறத்தை விரலால் தடவினார். அங்கே பழைய எண்ணெய்ப் படலம் காய்ந்து கறுத்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் கீழே இரும்பு வெள்ளையாய் மின்னியது.

“மேலேதான் துரு, உள்ளே இல்லை” என்றார்.

தாத்தாவிடம் முன்னர் வேலை பார்த்த ஒருவரின் மகளுக்குச் சாளரக் கம்பியும் கதவுச் சட்டமும் செய்யும் சிறு பட்டறை தொடங்கும் எண்ணம் இருந்தது. ஐ.டி.ஐ.யில் ஈராண்டு ஃபிட்டர் பயிற்சி முடித்தவர் அவர். நான் அவரைத் தீதி என்றே அழைப்பேன். பற்றவைக்கும் கருவியைக் கடன் வாங்கிச் சேர்த்துவிட்ட தீதிக்குத் துளைப்பொறி வாங்கப் பணம் போதவில்லை. தாத்தா அதை மனத்தில் வைத்திருந்தார் போலும்.

“விஸ்வகர்மா பூசைக்குள் இது ஓடினால் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம். ஓடாவிட்டால் நீயே எடைக்குப் போட்டுக்கொள்” என்று அப்பாவிடம் கூறினார்.

விஸ்வகர்மா பூசை பெரும்பாலும் செப்டம்பர் 17 அன்று வருவது. தமிழ்நாட்டில் ஆயுதபூசையன்று கருவிகளுக்குப் பொட்டிடுவதுபோல் இங்குள்ள பட்டறைகள் அன்று இயந்திரங்களைக் கழுவி மாலையிட்டு வழிபடும். எங்களுக்கு ஆறு ஞாயிறுகள் இருந்தன. அந்த ஆறும் மழைக்காலத்து ஞாயிறுகள்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் சேர்ந்து வேண்டும் என்பதை எட்டாம் வகுப்பிலேயே படித்திருந்தேன். துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. ஆயினும் பாடநூலில் கண்ணில் படாத ஒன்றை அந்தப் பொறியில் கண்டேன். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. வெளியே இருந்தால் செதிலாக உதிரும். திருகுக்கும் மரைக்கும் இடையே, தண்டுக்கும் குழலுக்கும் இடையே இருந்தால் உதிர இடமின்றி ஆப்புப்போல் இறுகிவிடும். கைப்பிடி அசையாமல் போனதற்குக் காரணம் அதுவே.

எல்லா இரும்புக்கும் இக்கதி நேர்வதில்லை. டெல்லியில் குதுப்மினாருக்கு அருகே நிற்கும் இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கிறது. 7 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது அது. அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ், மேற்பரப்பில் மெல்லிய காப்புப்படலம் உருவாகத் துணைபுரிந்துள்ளது. எங்கள் துளைப்பொறிக்கு அப்பேறு இல்லை. அதற்கு எண்ணெய்தான் காப்பு. எண்ணெயிடும் கை நின்றதும் துரு தொடங்கிவிட்டது.

முதல் ஞாயிறன்று நான் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் வாங்கிக்கொண்டு போனேன். தாத்தா அவற்றை வாங்கி ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு குறிப்பேட்டைக் கையில் கொடுத்தார். அன்று முழுவதும் பார்த்தலும் எழுதுதலும்தான். மின்வடம் அறவே பிடுங்கப்பட்டிருக்கிறதா என்று இருமுறை பார்க்கச் செய்தார். பிறகு ஒவ்வொரு பகுதியின் பெயரையும் சொல்லி வரையச் செய்தார். தரையோடு நிற்பது அடித்தளம், அதன்மேல் தூண், தூணில் ஏறி இறங்குவது மேசை, உச்சியில் தலைப்பகுதி. தலையின் பின்னே மோட்டார் தொங்குகிறது. மோட்டாரின் மேலும் சுழல்தண்டின் மேலும் நான்கு படிகள் கொண்ட கப்பிகள் இருக்கின்றன. அவற்றை ஒரு பெல்ட் இணைக்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் பற்சக்கரம் பற்சட்டத்தைத் தள்ளிச் சுழல்தண்டை இறக்கும். விட்டால் ஒரு சுருள்வில் அதனை மேலே இழுத்துக்கொள்ளும். சுழல்தண்டின் நுனியில் துளையிடும் அலகைக் கவ்விப் பிடிப்பது சக்.

மின்வடத்தின் நுனியில் இருந்தது இருமுனைச் செருகி. தாத்தா அதைக் கண்டு முகம் சுளித்தார். “இது நான் போட்டது அன்று. வேலைக்கு இருந்த யாரோ மூன்றாவது முனையை வெட்டியிருக்கிறார்கள்” என்று சொல்லி, குறிப்பேட்டில் அதைத் தனியே எழுதி அடிக்கோடிடச் சொன்னார்.

அடுத்த இரு ஞாயிறுகளும் கழற்றுவதில் கழிந்தன. இந்த வேலையில் வலிமையைவிடக் காத்திருத்தலே அதிகம் தேவைப்பட்டது. இறுகிய திருகுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டுத் துணி சுற்றி, ஒரு வாரம் அப்படியே விட்டோம். பிறகு ஸ்பானரை மாட்டி முதலில் இறுக்கும் திசையில் சற்றே அழுத்தி, அதன்பின் தளர்த்தும் திசையில் திருப்பினோம். துருவின் பிடி முறிந்ததும் ஒரு சிறு ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்டபின் மீண்டும் எண்ணெய், மீண்டும் முன்னும் பின்னுமாகத் திருப்புதல். ஒரே மூச்சில் திருப்பிய ஒரு திருகு என் கையோடு தலை முறிந்து வந்தது. தாத்தா திட்டவில்லை. முறிந்த தண்டின் நடுவே துளையிட்டு எடுக்கவேண்டும் என்றார். துளையிடுவதற்குத்தான் நம்மிடம் பொறி இல்லை என்று கூறிச் சிரித்தார். மறுவாரம் அதைத் தீதி ஒரு கைத்துளைப்பானால் எடுத்துத் தந்தார்.

வார்ப்பிரும்பை இரும்புச் சுத்தியலால் அடிக்கக்கூடாது. அது வளையாது, விரியும். மேசையை அசைக்க மரக்கட்டையை வைத்து அதன்மேல் தட்டினோம். சக்கைக் கழற்றச் சுழல்தண்டின் பக்கத்தில் ஒரு நீள்துளை உண்டு. அதில் சரிவான ஆப்பைச் செருகி ஒரு தட்டு தட்டியதும் சக் கழன்று கையில் விழுந்தது. ஐந்து ஆண்டுத் துருவுக்குப் பின்னும் அந்தக் கூம்புப் பொருத்து இவ்வளவு எளிதில் விடுபடுமென நான் எண்ணவில்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் இட்டு எண் எழுதினோம். கைப்பேசியில் படமும் எடுத்தேன். சுருள்வில்லைக் கழற்றும்போது மட்டும் தாத்தா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். சுருட்டி அடைத்த வில் தன் உறையைவிட்டுத் துள்ளினால் கண்ணைக் கெடுத்துவிடும். அதனைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி அவரே எடுத்தார்.

துருவை நீக்கும் வேலை நான்காம் ஞாயிறன்று தொடங்கியது. எண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு தேய்த்தாலே தூணின் துரு போய்விட்டது. எனக்கு உற்சாகம் மிகுந்தது. முரட்டுத் தாள் ஒன்றை எடுத்துச் சுழல்தண்டின் பளபளப்பான பகுதியையும் தேய்க்கத் தொடங்கினேன். தாத்தா விரைந்து வந்து கையைப் பிடித்தார்.

“தம்பி, தூண் நிற்பதற்கு இருக்கிறது, அது ஒரு மயிரிழை தேய்ந்தால் பெரிதில்லை. இந்தத் தண்டு குழலுக்குள் சுழல்வது. இதில் ஒரு மயிரிழை தேய்ந்தால் அலகு ஆடும். போடும் துளை வட்டமாக இராது. துரு போகட்டும், அளவு போகக்கூடாது.”

அன்றிலிருந்து எதைத் தொடும்போதும் இது நிற்கும் பகுதியா, பொருந்தும் பகுதியா என்று கேட்டுக்கொண்டேன். பொருந்தும் பகுதிகளை மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் மிக மென்மையான தாளாலும் மட்டுமே துடைத்தோம். அங்கங்கே துரு தின்ற சிறு குழிகள் கறுப்பாக எஞ்சின. அவற்றை அப்படியே விட்டுவிட்டோம். குழிகள் மறையும்வரை தேய்த்தால் நல்ல இரும்பும் சேர்ந்து போகும்.

கைப்பிடி, அடைப்புகள், பிடிப்பான்கள் ஆகியவற்றில் இருந்த தடித்த துருவுக்கு மின்பகுப்பு முறையைக் கையாண்டோம். பெரிய நெகிழித் தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி, நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்தோம். 12 வோல்ட் மின்கல மின்னேற்றியின் எதிர்முனையைத் துருவேறிய பொருளோடும், நேர்முனையை வீணான ஓர் இரும்புத் தகட்டோடும் இணைத்தோம். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நீரில் தொங்கவேண்டும். முனைகளை மாற்றிவிட்டால் துரு போவதற்கு மாறாக நல்ல பொருளே கரையும். மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் பொருளின் மேலிருந்து நுண்குமிழிகள் எழுந்தன. அவை ஹைட்ரஜன், எளிதில் தீப்பற்றும் வளி. ஆகவே தொட்டியை மூடிய அறைக்குள் வைக்காமல் தாழ்வாரத்தில் வைத்திருந்தோம்.

தகடு போதவில்லை என்று நான் வீட்டிலிருந்து பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டு வந்தேன். தாத்தா அதைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார். எவர்சில்வரில் குரோமியம் கலந்துள்ளது. நேர்முனையில் அதை மாட்டினால் நச்சுத்தன்மை வாய்ந்த குரோமியச் சேர்மங்கள் நீரில் கலந்துவிடும். சோடாவுக்குப் பதிலாகச் சமையல் உப்பைப் போடுவதும் தவறு. குளோரின் வளி எழும். சுருள்வில்லையும் தொட்டியில் இடவில்லை. கடினமாக்கப்பட்ட எஃகினுள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் இயல்பை அடையும். வில்லை எண்ணெயாலேயே துடைத்தோம்.

மறுநாள் காலை பள்ளிக்குச் செல்லும் முன் தொட்டியைப் பார்த்தேன். நீர் செந்நிறச் சேறாகியிருந்தது. இணைப்பைத் துண்டித்தபின் கைப்பிடியை வெளியே எடுத்தபோது துரு இருந்த இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது. தூரிகையால் தேய்த்துக் கழுவியதும் கறுப்பு போய்ச் சாம்பல்நிற இரும்பு தெரிந்தது. வெயிலில் உலர்த்தலாம் என்று வைத்துவிட்டுக் காலை உணவுக்குப் போனேன். வெயிலே வரவில்லை. மழைக்காலத்து ஈரக்காற்றில், நான் திரும்பி வருவதற்குள், கைப்பிடி முழுவதும் மெல்லிய செந்துரு மீண்டும் படிந்திருந்தது. புதிதாக வெளிப்பட்ட இரும்பு காற்றுக்குக் காத்திருப்பதில்லை. அடுத்த முறை கழுவியவுடன் துணியால் துடைத்து, அடுப்பின் வெப்பத்தில் சூடேற்றி, இளஞ்சூட்டிலேயே எண்ணெய் பூசினோம்.

தலைப்பகுதியில் ஒரு சிறு பித்தளைத் தகடு அறையப்பட்டிருந்தது. பாட்டி அதை வாங்கிப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். பச்சைக் களிம்பு போய், தகட்டில் பொறித்த எண்கள் தெளிவாகத் தெரிந்தன. எந்தப் படியில் பெல்ட்டை மாட்டினால் சுழல்தண்டு நிமிடத்திற்கு எத்தனை சுற்று சுற்றும் என்னும் பட்டியல் அது. கணக்கு எளிது. மோட்டார் நிமிடத்திற்கு 1440 முறை சுற்றுகிறது. அதன் கப்பி 60 மில்லிமீட்டர், சுழல்தண்டின் கப்பி 120 மில்லிமீட்டர் எனில், தண்டு அதில் பாதியாகிய 720 முறை சுற்றும். கப்பிகளின் அளவு முறைமாறினால் 2880 முறை சுற்றும்.

இத்தனை வேகங்கள் எதற்கு? அலகின் விளிம்பு இரும்பை வெட்டும் வேகமே முதன்மையானது. மெல்லிரும்புக்கு அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 25 மீட்டர் இருக்கலாம். 10 மில்லிமீட்டர் அலகு ஒரு சுற்றில் 31 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கடக்கும். ஆகவே அதற்கு 800 சுற்றுகள் போதும். 3 மில்லிமீட்டர் அலகுக்கு 2650 சுற்றுகள் வேண்டும். பெரிய அலகைப் பெரிய வேகத்தில் ஓட்டினால் விளிம்பு சிவந்து மழுங்கிப்போகும். தகட்டின் எண்களை நான் கணக்கிட்டுச் சரிபார்த்தபோது தாத்தா மகிழ்ந்தார். அவர் அதுவரை கணக்கிட்டதில்லை; வெளிவரும் இரும்புச் சுருளின் நிறத்தையும் ஓசையையும் கொண்டே வேகத்தை அறிவாராம்.

சுழல்தண்டைத் தாங்கிய பேரிங்குகளுள் ஒன்று விரலால் சுற்றியபோது மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. அதைச் செப்பனிட முயலவில்லை. அதன் பக்கத்தில் 6203 என்னும் எண் இருந்தது. 17 மில்லிமீட்டர் உள்விட்டமும் 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 12 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பேரிங் உலகில் எங்கே செய்யப்பட்டாலும் அதற்கு அந்த எண்தான். என் தந்தை பிறக்கும் முன்பு வார்க்கப்பட்ட பொறிக்கு, சாக்ச்சிக் கடைவீதியில் எண்ணைச் சொன்னதும் அன்று காலை வந்திறங்கிய பேரிங்கை எடுத்துத் தந்தார்கள். பழைய இயந்திரம் ஒன்று உயிர்பெறுவதும் பெறாததும் பெரும்பாலும் இத்தகைய பொதுஅளவுகளைப் பொறுத்ததே. தனக்கென்று விந்தையான அளவுகள் வைத்துச் செய்யப்பட்ட இயந்திரத்திற்கு உதிரிப்பாகம் தேடி அலைவதைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டால் ஒருநாள் முழுவதும் பேசுவார்.

மோட்டாரை நாங்கள் திறக்கவில்லை. அதன் மின்தேக்கி, வடத்தைப் பிடுங்கிய பின்னும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். பழக்கமற்றவர் தொடுவது ஆபத்து. மோட்டார் சுற்றித் தரும் கடைக்கு எடுத்துச் சென்றோம். அங்கே மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட் கொடுத்துக் கம்பிச் சுருளுக்கும் உடலுக்கும் இடையே உள்ள காப்பை அளந்தார்கள். குறைந்தது ஒரு மெகாஓம் வேண்டும். அதில் பாதிகூட இல்லை. சுருளில் ஈரம் ஏறியிருந்தது. அந்த நிலையில் மின்சாரம் கொடுத்திருந்தால், மூன்றாம் முனை இல்லாத அந்தச் செருகியோடு, பொறியின் உடல் முழுவதும் மின்னேறியிருக்கும். கைப்பிடியைப் பற்றியவரின் உடல் வழியாகத்தான் அது தரைக்குப் போயிருக்கும். நான் அந்தக் கைப்பிடியை முதல்நாளிலேயே பற்றி இழுத்தவன். கடைக்காரர் குண்டு விளக்குகளின் சூட்டில் மோட்டாரை மூன்று நாள் உலர்த்தினார். மீண்டும் அளந்தபோது காப்பு இருபது மெகாஓமுக்கு மேல் இருந்தது. மின்தேக்கியையும் புதிதாக மாற்றித் தந்தார்.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்று தீதி எச்சரித்தார். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2016ஆம் ஆண்டுதான் வந்தது. எனவே பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டிச் சேகரித்தோம். செங்காவிநிற ரெட் ஆக்சைடு ஒருமுறையும் சாம்பல்நிறம் இருமுறையும் பூசினோம். பூச்சு அழகாகத்தான் இருந்தது. அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆறாம் ஞாயிறன்று குறிப்பேட்டைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டி ஒவ்வொன்றாகப் பூட்டினோம். புது பெல்ட்டை மாட்டி நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்கவேண்டும். விறைப்பாக இருந்தால் பேரிங் தேயும், தளர்ந்தால் வழுக்கும். காணாமற்போன பெல்ட் மூடிக்குப் பதிலாகத் தீதி தகட்டில் ஒன்றை வளைத்துச் செய்து வந்திருந்தார். கடைசியாக, குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அடிக்கோடிட்ட வரிக்கு வந்தோம். மின்பணியாளர் ஒருவரை வரவழைத்து, பச்சைக் கம்பியைப் பொறியின் உடலோடு திருகி, மும்முனைச் செருகி மாட்டினோம். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் தீதியின் பட்டறையில் பொருத்தச் செய்தார் தாத்தா. அதற்கான பணத்தை அப்பா கொடுத்தார். எடைக்குப் போட்டிருந்தால் வந்திருக்கும் தொகையை அவர் அன்று நினைவூட்டவில்லை.

பொறியைத் தீதியின் பட்டறைக்கு வண்டியில் ஏற்றிச் சென்று, அடித்தளத்தைத் தரையோடு முடுக்கினோம். பூசைக்கு இன்னும் இரண்டு நாள்கள் இருந்தன. முதல் ஓட்டத்திற்கு ஆயத்தமாக நான் பருத்திக் கையுறைகளை அணிந்துகொண்டேன். அதுவே பாதுகாப்பு என்று நினைத்தேன். தாத்தா தம் இடக்கையை நீட்டினார். அதன் சுட்டுவிரலில் மேற்கணு இல்லை. சிறுவயது முதல் பார்த்துப் பழகிய விரல்; ஏன் அப்படி என்று நான் கேட்டதே இல்லை.

“கையுறை போட்டிருந்தேன். அலகு அதன் நூலைப் பிடித்தது. கையை இழுப்பதற்குள் முடிந்துவிட்டது. வெறும் கையாக இருந்திருந்தால் ஒரு கீறலோடு போயிருக்கும். சுழலும் பொறிக்கு முன்னால் கையுறை கூடாது, தொங்கும் துணி கூடாது, அவிழ்ந்த கூந்தல் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் கட்டாயம்.”

நான் கையுறைகளைக் கழற்றினேன். தீதி துப்பட்டாவை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுக் கூந்தலை இறுக முடிந்து துணிக்குள் செருகினார். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிடாமல் எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தார். முதலில் அலகு மாட்டாமல் பொத்தானை அழுத்தினார். மோட்டார் ஒருமுறை முனகிவிட்டுச் சுழன்றது. தாத்தா கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பேரிங் இருக்கும் இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடுதான்.

பிறகு ஓர் இரும்புத் தகட்டை வைஸில் இறுக்கி, மேசையோடு பிணைத்து, நடுவில் புள்ளிக்குத்தியால் குறியிட்டுப் பத்து மில்லிமீட்டர் அலகைத் தீதி மெல்ல இறக்கினார். எண்ணெய் புகைந்தது. அலகின் இருபுறத்திலிருந்தும் இரண்டு இரும்புச் சுருள்கள் எழுந்து, ஒன்றையொன்று துரத்துவதுபோல் சுழன்று வந்தன. தாத்தா குனிந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே தடிமனில், ஒரே நீளத்தில் வந்தன. சுருள்களைத் தள்ளுவதற்குத் தீதி கையை நீட்டினார். நான் தூரிகையை எடுத்துக் கொடுத்தேன்.

சொற்பொருள்

பட்டறிவு – அனுபவம்
மரை – திருகின் சுற்றுவரி; அது பொருந்தும் பகுதி
கப்பி – பெல்ட் ஓடும் பள்ளமுடைய சக்கரம்
அலகு – துளையிடும் கூர்முனைத் தண்டு
உப்புத்தாள் – தேய்த்து மெருகேற்றப் பயன்படும் சொரசொரப்பான தாள்
ஆப்பு – சரிவாகச் செதுக்கிய சிறு துண்டு
களிம்பு – செம்பு, பித்தளையின் மேல் படியும் பச்சை மாசு
உயிர்வளி – ஆக்சிஜன்
தீதி – அக்கா (இந்தி, வங்காள மொழிகளில்)

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. “மேலேதான் துரு, உள்ளே இல்லை” என்று தாத்தா எதைக் கண்டு கூறினார்?
2. துருப்பிடித்த திருகு இறுகிப்போவது ஏன்?
3. எவர்சில்வர் தட்டைத் தாத்தா ஏன் மறுத்தார்?
4. கழுவி வைத்த கைப்பிடியில் மீண்டும் துரு படிந்தது எவ்வாறு?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. “துரு போகட்டும், அளவு போகக்கூடாது” – தாத்தாவின் இக்கூற்றைச் சுழல்தண்டு, தூண் ஆகிய இரண்டையும் கொண்டு விளக்குக.
2. பொறி ஓடத்தொடங்கும் முன் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டவற்றுள், ஒன்றைச் செய்யாது விட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என எழுதுக.
3. பொறியை எடைக்குப் போட எண்ணிய அப்பாவின் பக்கத்திலும் நியாயம் உண்டா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. கணக்கிடுக.

மோட்டார் நிமிடத்திற்கு 1440 முறை சுற்றுகிறது. அதன் கப்பி 50 மில்லிமீட்டர். சுழல்தண்டின் கப்பி 150 மில்லிமீட்டர். தண்டு நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றும்? விடையை எழுத்தால் எழுதுக.

ஈ. மொழிப்பயிற்சி

1. துருவேறிய பொறி, கழற்றி வைத்தோம், ஓடாத மோட்டார், உலர்ந்த பூச்சு – இவற்றுள் பெயரெச்சத் தொடர்களையும் வினையெச்சத் தொடரையும் பிரித்து எழுதுக. எதிர்மறைப் பெயரெச்சம் எது?
2. “விஸ்வகர்மா பூசைக்குள் இது ஓடினால் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம்” என்று தாத்தா கூறினார். இத்தொடரை அயற்கூற்றாக மாற்றுக.
3. பாடத்தில் வரும் பிறமொழிச் சொற்கள் ஐந்தைத் தேர்ந்து, அவற்றை உம் வீட்டாரும் அருகில் உள்ள பட்டறையினரும் எவ்வாறு வழங்குகின்றனர் எனக் கேட்டு எழுதுக.

உ. செயல்பாடு

உம் வீட்டிலோ பள்ளியிலோ பயன்பாடின்றிக் கிடக்கும் கருவி ஒன்றைப் பெரியவர் ஒருவர் துணையுடன் பார்வையிடுக. கழற்றவோ மின்சாரம் கொடுக்கவோ வேண்டா. அதன் பகுதிகளை வரைந்து பெயரிட்டு, எவை நிற்கும் பகுதிகள், எவை பொருந்தும் பகுதிகள் என்று குறித்து வகுப்பில் காட்டுக.